ஆய்வாளரின் புருவம்: உளவியல் ஆய்வுகளில் சாய்வு எப்படி நுழைகிறது?

அக்கா வீட்டில் சாயங்காலம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம். "ஏழெட்டு?" என்று அக்கா கேட்கிறாள். பையன் கூரையைப் பார்க்கிறான், அப்புறம் அம்மா முகத்தைப் பார்க்கிறான். "ஐம்பத்தி... நாலு?" என்று இழுக்கிறான். அக்கா வாயே திறக்கவில்லை. புருவம் மட்டும் துளி சுருங்குகிறது. "இல்லல்ல, ஐம்பத்தாறு!" என்று பையன் முந்திக்கொள்கிறான். "பாத்தியா, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. மறுநாள் அதையே நோட்டில் எழுதச் சொன்னால் 54 என்று எழுதி வைக்கிறான்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. விடையை அம்மா சொல்லித் தரவில்லை, பையனும் காப்பி அடிக்கவில்லை. ஆனாலும் அந்த 56 பையன் தலையிலிருந்து மட்டும் வந்த விடை இல்லை. பாதி அம்மாவின் புருவத்திலிருந்து வந்தது. உளவியல் ஆய்வுகளை நூறு வருடங்களுக்கு மேலாக ஆட்டிவைக்கும் சிக்கலும் இதேதான்.

சாய்வு வேறு, மோசடி வேறு

நம் பத்திரிகைகளில் இதை 'ஆய்வாளர் பாரபட்சம்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லே பாதிக் குழப்பத்தைக் கொண்டுவந்துவிடுகிறது என்பது என் எண்ணம். பாரபட்சம் என்றதும் தெரிந்தே ஒருவர் பக்கம் சாய்வதுதான் நினைவுக்கு வரும். "அந்த ஆய்வில் சாய்வு இருக்கலாம்" என்று யாராவது சொன்னால், "அப்படியென்றால் அவர் பொய்யரா?" என்று சண்டைக்கு வந்துவிடுகிறார்கள்.

தராசை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு அடியில் புளியை உருட்டி ஒட்டி வைப்பது மோசடி. தராசின் முள் தேய்ந்துபோய், கடைக்காரருக்கே தெரியாமல் ஒரு பக்கம் இழுப்பது சாய்வு. முதலாவதற்குப் போலீஸ் வேண்டும். இரண்டாவதற்குத் தராசை மாற்ற வேண்டும். கடைக்காரருக்கு நீதிபோதனை செய்வதால் முள் நேராகாது.

ஒரு ஆய்வாளரின் எதிர்பார்ப்பும் ஆசையும், அவர் அறியாமலேயே, ஆய்வின் முடிவை ஒரு பக்கம் இழுப்பதுதான் ஆய்வாளர் சாய்வு. ஆய்வு தொடங்குமுன் 'இப்படித்தான் இருக்கும்' என்று ஆய்வாளர் வைத்துக்கொள்ளும் ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆய்வாளருக்குத் தன் கருதுகோள்.

கணக்குப் போட்ட குதிரை

1900களின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். ஹான்ஸ் என்று ஒரு குதிரை வளர்த்தார். கூட்டல், கழித்தல், பின்னம் என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் முன்னங்காலைத் தரையில் தட்டி விடை சொல்லும். மூன்றும் இரண்டும் எவ்வளவு என்றால் ஐந்து தட்டு. ஊரே திரண்டு வந்து பார்த்தது. வாத்தியார் ஒரு காசு வாங்கவில்லை. தான் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக அவர் மனதார நம்பினார்.

1904இல் கார்ல் ஷ்டும்ஃப் என்ற உளவியலாளர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. தந்திரம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் வேறு யாராவது கேட்டாலும் குதிரை சரியாகச் சொன்னதே, அப்புறம் என்ன செய்வது?

ஷ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விடவில்லை. அவர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் குதிரையின் காதில் ஒரு எண்ணைக் கிசுகிசுப்பார். இன்னொருவர் வந்து வேறொரு எண்ணைக் கிசுகிசுப்பார். இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். அங்கே நின்ற மனிதர்கள் யாருக்கும் கூட்டுத்தொகை தெரியாது, இரண்டு எண்களும் தெரிந்தது குதிரைக்கு மட்டும்தான். ஹான்ஸ் கோட்டைவிட்டது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தபோதும் தடுமாறியது.

நடந்தது இதுதான். கேள்வி கேட்டதும் மனிதர்கள் குளம்பைப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் குனிவார்கள். குதிரை தட்ட ஆரம்பிக்கும். சரியான எண் வந்ததும் 'அப்பாடா' என்று தலை துளி நிமிரும், புருவம் ஏறும். குதிரை நிறுத்திவிடும். ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது, மனிதர்களைப் படிக்கத் தெரியும்.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலை அசைவை முழுதாக அடக்க முடியவில்லை. 'எச்சரிக்கையாக இருந்துகொள்கிறேன்' என்பது வேலைக்கு ஆகவில்லை. அப்புறம் அவர் தானே குதிரையாக மாறிப் பார்த்தார். ஆய்வகத்தில் 25 பேரை ஒவ்வொருவராக வரவழைத்து ஒரு எண்ணை மனதில் நினைக்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்து கையால் தட்டினார். இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் தங்களை அறியாமல் தலையசைவால் காட்டிக்கொடுத்தார்கள்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: விடை தெரிந்தவர் கேள்வி கேட்டால் விடை கசியும். கசிவது அவருக்கே தெரியாது. தெரிந்தாலும் நிறுத்துவது கடினம்.

எலிக்கு ஒட்டிய பெயர்

சரி, ஹான்ஸ் ஒரு வேடிக்கைக் குதிரை. முறையான ஆய்வகத்தில் இப்படி நடக்குமா? ராபர்ட் ரோசன்தால் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு இந்தக் கேள்வி சொந்த அடியிலிருந்து வந்தது. 1956இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஒரு ஆய்வு செய்தார். சிலருக்கு 'நீங்கள் தேர்வில் வெற்றி' என்ற உணர்வையும் சிலருக்குத் 'தோல்வி' என்ற உணர்வையும் உண்டாக்கினால், அறிமுகமில்லாத முகங்களின் படங்களை அவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெற்றி, தோல்வி எதையும் சொல்வதற்கு முன்பு, முதல் சுற்று மதிப்பீட்டிலேயே குழுக்களுக்குள் வித்தியாசம் இருந்தது. எந்த ஆள் எந்தக் குழுவுக்குப் போகப்போகிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் தன் நடத்தைதான் எப்படியோ அவர்களைத் தொட்டிருக்க வேண்டும் என்று அவர் சந்தேகப்பட்டார். அதை மறைக்காமல் ஆய்வேட்டிலேயே எழுதினார். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

1963இல் கெர்மிட் ஃபோட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட எலி ஆய்வு பிரபலமானது. 12 மாணவர்கள், ஆளுக்கு ஐந்து எலிகள். 'டி' எழுத்து வடிவப் பாதையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எலிகளுக்குப் பழக்க வேண்டும். பாதி மாணவர்களிடம், உங்கள் எலிகள் புத்திசாலிப் பரம்பரை என்று சொன்னார்கள். மீதிப் பேரிடம், உங்களுடையவை மந்தப் பரம்பரை என்றார்கள். உண்மையில் எல்லாம் ஒரே மாதிரி எலிகள்; குலுக்கிப் போட்டுப் பெயர் ஒட்டியிருந்தார்கள்.

ஐந்து நாள் பழக்கிய பிறகு 'புத்திசாலி' எலிகள் தெளிவாக முந்தியிருந்தன. 'மந்த' எலிகள் புறப்பட்ட இடத்திலிருந்து நகரவே மறுத்தது 29% தடவை; 'புத்திசாலி' எலிகள் அப்படி மறுத்தது 11% தடவை. மாணவர்களைக் கேட்டால், புத்திசாலி எலி கிடைத்தவர்கள் அதை அடிக்கடி, மென்மையாகத் தூக்கியிருக்கிறார்கள், அதன்மேல் அவர்களுக்குப் பிரியமும் கூடுதல். பயமில்லாத எலி நன்றாக ஓடும் என்பதற்கு மந்திரம் எதுவும் தேவையில்லை. எதிர்பார்ப்பு கைக்கு இறங்கி, கையிலிருந்து எலிக்குப் போயிருக்கிறது.

மெதுவாக நடந்தவர்கள்

1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முதுமையை நினைவூட்டும் சொற்களை ஒரு வாக்கியப் பயிற்சிக்குள் கலந்து மாணவர்களிடம் கொடுத்தார்கள். பயிற்சி முடித்து வெளியே போகும்போது அவர்கள் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார்கள் என்பது முடிவு.

2012இல் பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் டுவாயனும் சக ஆய்வாளர்களும் 120 பேரை வைத்து இதைத் திரும்பச் செய்தார்கள். நடை நேரத்தை மனிதர் அளக்கவில்லை, அகச்சிவப்புக் கதிர் உணரிகள் அளந்தன. விளைவு எதுவும் தெரியவில்லை.

அதோடு நிறுத்தாமல் இரண்டாவது ஆய்வு ஒன்று செய்தார்கள். இதில் உண்மையான சோதனை ஆய்வு நடத்துபவர்கள் மேல்தான். பத்துப் பேரை அமர்த்தி, சிலரிடம் "அந்தச் சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடப்பார்கள்" என்றும் மற்றவர்களிடம் "வேகமாக நடப்பார்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். மெதுவை எதிர்பார்த்தவர்களிடம் வந்த ஆட்கள் உண்மையிலேயே மெதுவாக நடந்தார்கள். உணரியே அதைக் காட்டியது. வேகத்தை எதிர்பார்த்தவர்கள் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் வேகம் என்று காட்டியது, உணரியோ வித்தியாசம் எதையும் காட்டவில்லை.

சாய்வு நுழையும் இரண்டு வாசல்களும் ஒரே ஆய்வில் தெரிந்துவிட்டன. எதிரே இருப்பவரின் நடத்தையை மாற்றுவது ஒன்று. நடத்தை மாறாமலேயே, அதை அளக்கும் நம் கட்டைவிரல் அரை நொடி முந்துவது இன்னொன்று. (1996 ஆய்வு தப்பு என்று இது நிரூபித்துவிடவில்லை. தங்கள் ஆய்வில் யார் எந்தக் குழு என்பது நடத்தியவருக்குத் தெரியாதபடிதான் செய்தோம் என்பது அவர்கள் தரப்பு.)

தெரியாமல் இருக்க ஏற்பாடு

மருந்து என்ன? நம் ஊர்ப் பொதுத்தேர்வில் அது ஏற்கெனவே இருக்கிறது. விடைத்தாளைத் திருத்துபவருக்கு மாணவரின் பெயரும் தெரியாது, பதிவெண்ணும் தெரியாது, டம்மி நம்பர்தான். எந்த வாத்தியாரையும் சந்தேகப்பட்டு இதைச் செய்யவில்லை. யாருடைய தாள் என்று தெரியாவிட்டால் சாய்வதற்கு இடமே இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வில் இதற்கு மறைப்பு என்று பெயர். தான் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பங்கேற்பவருக்கு மட்டும் தெரியாவிட்டால் அது ஒற்றை மறைப்பு. நடத்துபவருக்கும் தெரியாவிட்டால் இரட்டை மறைப்பு. ஃபுங்ஸ்ட் குதிரையின் காதில் கிசுகிசுத்தது இரட்டை மறைப்பின் தாத்தா என்று சொல்லலாம்: கேட்பவருக்கு விடை தெரியாமல் செய்துவிட்டார்.

நடைமுறையில் இப்படி இருக்கும். உதவியாளர் ஒருவர் 60 உறைகளைத் தயார் செய்து, எது எந்தக் குழு என்ற பட்டியலைப் பூட்டி வைப்பார். ஆய்வு நடத்துபவர் வருகிறவரிடம் அடுத்த உறையைக் கொடுப்பார். உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியாது. விளக்கவுரையை அவர் வாயால் சொல்லாமல் திரையிலோ ஒலிப்பதிவிலோ கொடுத்தால் இன்னும் நல்லது. குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் வேலை இல்லாமல் போகும். அளப்பதை இயந்திரத்திடம் விடலாம். மனிதர்தான் அளக்க வேண்டும் என்றால், கருதுகோளே தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கலாம்.

யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதையும் ஆய்வாளர் கையில் விடக்கூடாது. கூண்டுக்குள் கைவிட்டு எலி எடுக்கும்போது முதலில் சிக்குவது எது? ஓடத் தெம்பில்லாத சோம்பல் எலி. அதை வரிசைப்படி முதல் குழுவில் போட்டால் கதை தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. மனிதர்களும் அப்படித்தான்: காலையில் முதல் ஆளாக வருபவரும் கடைசி நாள் ஓடிவருபவரும் ஒரே சுபாவம் இல்லை. அதனால் நாணயம் சுண்டியோ கணினியில் குலுக்கியோ பிரிப்பார்கள். இதற்குச் சமவாய்ப்புப் பகிர்வு என்று பெயர்.

ஆக, பங்கேற்பவரைப் பிரிப்பது, பேசுவது, அளப்பது ஆகிய மூன்று இடத்திலும் ஆய்வாளரின் அறிவை ஒரு திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறோம். ஆனால் தகவல் எல்லாம் வந்து சேர்ந்து திரையை விலக்கிய பிறகு? பலர் கவனிக்காமல் விடுவது இந்த வாசலைத்தான்.

"இதைத்தான் குறி வைத்தேன்"

கேரம் விளையாடுகிறோம். கறுப்புக் காய்க்கு அடிக்கிறீர்கள். அது போய் இடித்து, மூலையில் கிடந்த இன்னொரு கறுப்பு குழிக்குள் விழுகிறது. "இதைத்தான் குறி வைத்தேன்" என்று சொல்லாத ஆட்டக்காரர் உண்டா? கொஞ்ச நேரத்தில் நமக்கே அது நிஜம் என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

ஆய்வாளரும் அதைச் செய்கிறார், நல்ல மனதோடு. மனச்சோர்வு குறைகிறதா என்று பார்க்கிறார், இல்லை. சரி, தூக்கம் கூடியிருக்கிறதா? இல்லை. பெண்களுக்கு மட்டும் பார்த்தால்? கொஞ்சம் இருக்கிறது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால்? வந்துவிட்டது! ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

ஒரு சொல்லை இங்கே விளக்க வேண்டும். உண்மையில் விளைவு எதுவுமே இல்லாதபோது, வெறும் தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் தெரிவதற்கான வாய்ப்பு 5%க்கும் குறைவு என்றால், அந்த முடிவைப் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ளது என்பார்கள். இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் அபாயம் 20இல் ஒன்றுதான் என்று இதை நம்பி வந்தார்கள்.

2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் ஆகிய மூன்று பேர் இந்த நம்பிக்கையைப் போட்டு உடைத்தார்கள். எந்த அளவையை எடுப்பது, ஆட்களைக் கூட்டுவதா, ஆண் பெண் வித்தியாசத்தைக் கணக்கில் சேர்ப்பதா, ஒரு குழுவை விட்டுவிடுவதா என்று நான்கு விஷயங்களில் மட்டும் ஆய்வாளருக்கு விருப்பத்தேர்வு இருந்தால், அந்த 5% அபாயம் 61% வரை ஏறும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அத்தோடு ஒரு குறும்பும் செய்தார்கள். முதுமையைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைக் கேட்டவர்கள், வேறு இசையைக் கேட்டவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை வயது *இளையவர்களாக ஆனார்கள்* என்று 'நிரூபித்தார்கள்'. உணர்ந்தார்கள் என்று இல்லை, பிறந்த தேதிக் கணக்கில்! தகவல் எல்லாம் நிஜம், ஒரு எண்கூடப் பொய் இல்லை. எதைக் கணக்கில் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் முடிவைப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தார்கள்.

2018இல் வெளியான இன்னொரு முயற்சியில், ஒரே கால்பந்துத் தகவலை 29 குழுக்களிடம் கொடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கறுத்த தோல் உள்ள ஆட்டக்காரர்களுக்கு நடுவர்கள் சிவப்பு அட்டையை அதிகம் காட்டுகிறார்களா? 20 குழுக்கள் ஆம் என்றன. 9 குழுக்கள் அப்படிச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றன. எந்தக் குழுவுக்கும் ஏமாற்றும் நோக்கம் இல்லை. கணக்குப் போட நியாயமான வழிகள் அத்தனை இருக்கின்றன.

அடிப்பதற்கு முன் சொல்லிவிடு

கேரம் தகராறுக்கு எங்கள் தெருவில் ஒரு தீர்வு இருந்தது: எந்தக் காய், எந்தக் குழி என்று அடிப்பதற்கு முன்பே வாயால் சொல்லிவிட வேண்டும். ஆய்வுலகம் இதற்கு முன்பதிவு என்று பெயர் வைத்திருக்கிறது. கருதுகோள் என்ன, எத்தனை பேர், எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம், யாரைக் கணக்கிலிருந்து நீக்குவோம் என்பதையெல்லாம் தகவல் திரட்டுமுன்பே தேதியோடு ஒரு பொதுத் தளத்தில் எழுதி வைத்துவிடுவது. பிறகு எதிர்பாராத காய் விழுந்தால் அதையும் சொல்லலாம். ஆனால் 'இது எதேச்சையாக விழுந்தது' என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு படி மேலே போய், திட்டத்தை மட்டும் படித்துவிட்டு 'முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம்' என்று ஆய்விதழே ஒப்புக்கொள்ளும் முறையும் 2013இலிருந்து பரவி வருகிறது. இதனால் என்ன மாறியது? 2021இல் உளவியல் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கமான கட்டுரைகளில் 96% 'எங்கள் கருதுகோள் சரிதான்' என்றன. முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டுரைகளில் அப்படிச் சொன்னவை 44%. சந்தேகத்துக்குரிய கருதுகோள்களைத்தான் இந்த வழியில் அதிகம் அனுப்புகிறார்களோ என்று கேட்கலாம், அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை காய் குழியில் விழுகிறது என்று சொல்லும் ஆட்டக்காரரை எங்கள் தெருவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

திரை போட முடியாத இடங்கள்

எல்லா இடத்திலும் மறைப்பு சாத்தியமில்லை. மருந்து ஆய்வில் பொய் மாத்திரை கொடுக்கலாம். பேச்சு சிகிச்சையில் என்ன செய்வது? தான் என்ன சிகிச்சை தருகிறோம் என்பது சிகிச்சையாளருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வந்தவருக்கும் தெரியும்.

அங்கே செய்யக்கூடியது, கடைசியில் மதிப்பிடுபவரையாவது பிரித்து வைப்பது. மூன்று மாதம் கழித்து நோயாளியிடம் பேசி மனச்சோர்வு எவ்வளவு என்று மதிப்பெண் போடுபவர் வேறு ஆள், முடிந்தால் வேறு கட்டடம். யார் சிகிச்சை பெற்றவர், யார் இன்னும் காத்திருப்பவர் என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் நோயாளி பேச்சுவாக்கில் "போன வாரம் மேடம் ஒரு மூச்சுப் பயிற்சி சொன்னாங்க" என்று ஆரம்பித்தால் திரை கிழிந்தது. அதனால் உள்ளே அனுப்புமுன் "சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வார்கள். அப்படியும் சிலர் சொல்லிவிடுவார்கள்.

எனவே நல்ல ஆய்வுகளில் கடைசியாக ஒரு வேலை செய்வார்கள். மதிப்பெண் போட்டு முடித்ததும் அந்த மதிப்பீட்டாளரிடமே ஒரு தாளை நீட்டி, "இவர் எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். இரண்டு குழுக்கள் என்றால், 100 பேரில் 50 பேரைப் பற்றிய ஊகம் சரியாக இருந்தால் அது குருட்டாம்போக்கு, திரை நின்றிருக்கிறது. 80 சரியாக இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த எண்ணையும் கட்டுரையில் எழுதியாக வேண்டும்.